கயிற்றை இன்றே அவிழ்த்துவிடுங்கள்

கேள்வி: ஐயா, மண்டபத்துக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய கிராமம் எங்களுடையது. மாமனாருக்கு வயது 63. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். நான்கு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. மதுரையில் பன்னிரண்டு நாள் வைத்திருந்து, "ஊரில் பிசியோதெரபி செய்யுங்கள்" என்று சீட்டில் எழுதி அனுப்பினார்கள். கணவர் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறார். நான் பாசி எடுக்கப் போகிறவள். மாதத்தில் பன்னிரண்டு நாள் கடலுக்குள் இறங்குவேன். அந்த நாட்களில் மாமாவைக் கவனிக்க ஆள் இல்லை. தெரிந்தவர் சொல்லி ஒரு தம்பி தினமும் ஒரு மணி நேரம் வருகிறார். பிசியோ உதவியாளர் என்கிறார். விட்டத்தில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்கிறார். மாமா வலியில் கத்துகிறார். வலித்தால்தான் நரம்பு வேலை செய்யும் என்கிறார் அந்தத் தம்பி. நாற்பத்தைந்து நாளில் நடக்க வைக்கிறேன் என்று முன்பணம் கேட்கிறார். அவர் டாக்டரா, நர்ஸா, யார் என்றே எங்களுக்கு விளங்கவில்லை. வைத்துக்கொள்ளலாமா? இந்தப் பக்கம் நல்ல உதவியாளரை எங்கே தேடுவது? மாமாவைத் தூக்கித் தூக்கி என் இடுப்பும் போய்விட்டது. இன்னொன்று: என் அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இந்த வேலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறதாம். சேர்க்கலாமா?

— வாசகி, மண்டபம் ஒன்றியம்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். இதைப் படித்து முடித்ததும் விட்டத்தில் கட்டியிருக்கும் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பதற வைத்த வரி அதுதான்.

காரணம் சொல்கிறேன். தோள் மூட்டு என்பது ஆழமில்லாத கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் பந்து. சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் அது நழுவாமல் நிற்கிறது. பக்கவாதத்தில் அந்தத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. அறுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு ஒரு கை மட்டும் ஏறத்தாழ மூன்று கிலோ இருக்கும். பிடிமானம் இல்லாமல் அந்த மூன்று கிலோவும் பகல் முழுவதும் தொங்கினால் பந்து கிண்ணத்தை விட்டுக் கீழே இறங்கும். மாமாவை உட்கார வைத்து, இடது தோளின் உச்சி எலும்புக்குக் கீழே உங்கள் ஆள்காட்டி விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். வலது தோளில் இல்லாத ஒரு பள்ளம், விரல் பதிகிற அளவுக்குத் தட்டுப்பட்டால், மூட்டு இறங்கியிருக்கிறது என்று பொருள்.

நாம் கையை உயர்த்தும்போது முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று வழிவிடுகிறது. விழுந்த கையில் அந்தச் சுழற்சி சரியாக நடக்காது. அந்த நிலையில் கப்பியில் மாட்டி இழுத்தால், நடுவில் இருக்கும் தசைநாண்கள் இரண்டு எலும்புகளுக்கு இடையில் நசுங்குகின்றன. மாமா கத்துவது அதனால்தான். நரம்பு விழித்துக்கொண்டதற்கும் அந்த வலிக்கும் சம்பந்தமே இல்லை. பக்கவாதத்துக்குப் பிந்தைய தோளுக்குத் தலைக்கு மேல் கப்பிப் பயிற்சி கூடாது என்பது பிசியோதெரபித் துறையில் இருக்கும் எங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். நம் கடற்கரை வீடுகளில் கயிறும் கப்பியும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அதனால் யாருக்கும் சட்டென்று அந்த யோசனை வருகிறது. நானே எத்தனையோ வீடுகளில் அவிழ்த்திருக்கிறேன். ஒருமுறை தோள் வலி பிடித்துக்கொண்டால், அந்தக் கையை யாரையும் தொட விடமாட்டார். பிறகு செய்ய வேண்டிய நல்ல பயிற்சிகளும் நின்றுபோகும். இழப்பு அங்கேதான் பெரிது.

இனி, அந்தத் தம்பி யார் என்ற கேள்விக்கு வருகிறேன்.

இயன்முறை மருத்துவர், அதாவது பிசியோதெரபிஸ்ட், பி.பி.டி. என்ற பட்டப்படிப்பு படித்தவர். உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து நான்கரை ஆண்டு என்பது இதுவரை இருந்து வந்த முறை. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் படித்தவர்கள் நிறையப் பேர். நோயாளியைச் சோதிப்பது, எந்தத் தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பது, என்ன பயிற்சி, எத்தனை முறை, எதைச் செய்யவே கூடாது என்று தீர்மானிப்பது, சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்து மாற்றுவது, எல்லாம் அவருடைய பொறுப்பு.

உதவியாளரின் வேலை அந்தத் தீர்மானத்தைக் கையால் செய்துகாட்டுவது. சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் சொன்ன எண்ணிக்கையில் செய்ய வைப்பார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவார். நடைப் பயிற்சியில் விழாமல் பிடித்துக்கொள்வார். படுக்கையில் கையும் காலும் சரியான நிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒத்தடம் சொல்லியிருந்தால் கொடுப்பார். இன்று என்ன நடந்தது என்று எழுதி வைப்பார், மாற்றம் தெரிந்தால் உடனே தகவல் சொல்வார். இது சின்ன வேலை இல்லை. பக்கவாதத்தில் மூளை மறுபடி கற்றுக்கொள்வது திரும்பத் திரும்பச் செய்வதால்தான். ஒரு நாளைக்கு ஐம்பது முறை எழுந்து உட்கார வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். ஐம்பது முறையும் பக்கத்தில் நின்று முழங்காலைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே. நல்ல உதவியாளர் கிடைத்த வீட்டுக்கும் கிடைக்காத வீட்டுக்கும் மூன்று மாதத்தில் எவ்வளவு வித்தியாசம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவராகச் சோதித்து, அவராக நோயைக் கணித்து, அவராகப் புதுப் பயிற்சி தொடங்கக் கூடாது. மூட்டை அழுத்தி முறுக்குவது, கரண்ட் வைப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, எதுவும் அவர் எல்லைக்குள் வராது. அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே இரண்டாண்டுப் படிப்பும், தேசிய அளவில் தேர்வும், மாநில உரிமமும் உண்டு. அவ்வளவு படித்த பிறகும் அங்கே உதவியாளர் தானாக நோயாளியை மதிப்பிட முடியாது. இயன்முறை மருத்துவர் வகுத்த திட்டத்துக்குள்தான் வேலை செய்ய வேண்டும். இணையத்தில் தேடினால் அந்த ஊர்த் தகவல்கள்தான் முதலில் வரும். அதை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்து ஏமாறக் கூடாது. நம் நாட்டில் 2021-இல் இயற்றப்பட்ட இணைநிலை சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் இயன்முறை மருத்துவரைத் தன் பட்டியலில் சேர்த்துப் பதிவேடு வேண்டும் என்கிறது. 'பிசியோ உதவியாளர்' என்ற பெயரையோ நம் பக்கம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்கிறார்கள். ஓராண்டுச் சான்றிதழ் படித்தவர், தனியார் மருத்துவமனையில் பத்தாண்டு வேலை பார்த்துப் பழகியவர், முதியோரைக் கவனிக்க ஏஜென்சி அனுப்பும் ஆள், படிப்பைப் பாதியில் விட்டவர், எல்லாருக்கும் ஒரே பெயர்தான். இவர்களில் தங்கமானவர்களும் உண்டு, ஆபத்தானவர்களும் உண்டு. பெயரை வைத்து உங்களால் பிரித்தறிய முடியாது.

எப்படிப் பிரிப்பது? அந்தத் தம்பியை உட்கார வைத்து, டீ கொடுத்து, மரியாதையாகக் கேளுங்கள். இந்தப் பயிற்சியை யார் எழுதிக் கொடுத்தார்? அவர் மாமாவை நேரில் பார்த்தாரா, எப்போது? அந்தத் தாளை நான் பார்க்கலாமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், சுக்கான் பிடிக்க ஆளில்லாத வள்ளத்தில் மாமாவை ஏற்றியிருக்கிறீர்கள். கடைசியாக ஒரு கேள்வி: "என்ன நடந்தால் நீங்கள் பயிற்சியை நிறுத்துவீர்கள்?" என் அனுபவத்தில் மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது அதிகம் காட்டிக்கொடுக்கும். நல்ல உதவியாளர் யோசிக்காமல் பட்டியல் போடுவார்: நெஞ்சு வலித்தால், மூச்சு வாங்கினால், தலை சுற்றினால், பேச்சு குழறினால், ஒரு கால் திடீரென்று வீங்கினால். தெரியாதவர், "நிறுத்தவே மாட்டேன், விடாமல் செய்ய வைப்பேன்" என்று பெருமையாகச் சொல்வார்.

கீழக்கரைப் பக்கம் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு மூதாட்டிக்கு நான் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன். வாரத்தில் ஒருநாள் நான் போவேன். மற்ற நாட்களில் ஓர் உதவியாளர் பெண். பெரிய படிப்பெல்லாம் இல்லை, எங்களிடமே பழகியவர். ஒருநாள் காலை எட்டு மணிக்குப் போன் செய்தார். "சார், இன்றைக்கு உம்மாவை எழுப்பவில்லை. இடது கெண்டைக்கால் தொட்டால் சுடுகிறது. தையல் டேப்பால் இரண்டு காலையும் அளந்தேன். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. தைலம் தேய்த்துவிடச் சொல்கிறார்கள், நான் வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன்." ஸ்கேன் எடுத்ததில் காலின் ஆழ்ந்த ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. அன்று அவர் காலைத் தேய்த்திருந்தாலோ நடக்க வைத்திருந்தாலோ, அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அன்று அந்தப் பெண் ஒரு பயிற்சியும் செய்ய வைக்கவில்லை. அந்த மாதத்திலேயே அவர் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான் என்று அவரிடமே சொன்னேன்.

நாற்பத்தைந்து நாள் உத்தரவாதத்துக்கும் முன்பணத்துக்கும் என் பதில் ஒன்றே: கொடுக்காதீர்கள். மூளையில் எந்த இடம் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் நடை திரும்பும். முதல் மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் தொடரும், ஆனால் மெதுவாக. நாள் குறித்துச் சொல்ல நரம்பியல் பேராசிரியராலும் முடியாது. மாமாவுக்கு இது நான்காவது மாதம். கையில் இருக்கும் நல்ல காலத்தை வீணாக்காமல் இந்த வாரமே சரியான ஆளிடம் போய்ச் சேருவது முக்கியம்.

அதற்காக அந்தத் தம்பியை விரட்டிவிடச் சொல்லவில்லை. தினமும் தவறாமல் வருகிறார், மாமாவின் மேல் அக்கறை இருக்கிறது என்றால் அது பாதி மூலதனம். இயன்முறை மருத்துவர் வந்து பார்க்கும் நாளில் அவரையும் கூட இருக்கச் சொல்லுங்கள். சொல்லிக்கொடுப்பதைக் கேட்டு, கயிற்றை விட்டுவிட்டு, எழுதிக் கொடுத்தபடி செய்ய ஒப்புக்கொண்டால் வைத்துக்கொள்ளுங்கள். "எனக்குத் தெரியாததா?" என்று முகம் சுளித்தால் அன்றோடு கணக்கை முடித்துவிடுங்கள்.

சரி, அந்த இயன்முறை மருத்துவரை எங்கே பிடிப்பது? உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க உங்கள் தெருவுக்கு ஓர் அக்கா வருவார், பார்த்திருப்பீர்கள். அவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தை மாத்திரைத் திட்டம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றியத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவர், ஒரு நோய்த் தணிப்புச் செவிலியர் என்ற கணக்கில், எழுந்து வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் அதில் அடக்கம். கட்டணம் கிடையாது. அந்த அக்காவிடம் மாமாவின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அவர் அகப்படவில்லை என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரே போய், "வீட்டு பிசியோதெரபிக்குப் பெயர் எழுத வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். எங்கே கேட்பது என்பதிலேயே குழப்பம் என்றால் 104 என்ற எண்ணில் கூப்பிட்டு வழி கேட்கலாம்.

இதில் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். மண்டபம் ஒன்றியம் உச்சிப்புளிப் பக்கத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டித் தீவு வரை நீளுகிறது. அத்தனை ஊர்களுக்கும் போகிற ஒருவர் உங்கள் வீட்டுக்குத் தினமும் வர முடியாது. அவர் வராத நாட்களில்தான் உதவியாளர் தேவைப்படுகிறார். அவர் வரும் நாளை வெறும் பயிற்சி நாளாகக் கழித்துவிடாதீர்கள். திட்டத்தை எழுதி வாங்குங்கள், உங்கள் கையால் செய்துகாட்டித் திருத்தம் கேளுங்கள், அவர் செய்துகாட்டுவதை அனுமதி கேட்டுச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ஒருமுறை ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாமாவை அழைத்துப்போய் முழுமையாகச் சோதித்துவிடுவது நல்லது. மதுரையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டும் ஸ்கேனும் கையில் இருக்கட்டும். ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ தனியார் பிசியோதெரபி மையத்துக்குப் போவதானால், உதவியாளரை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். "நீங்கள் வந்து பார்த்துத் திட்டம் போட்டு, உங்கள் உதவியாளரை அனுப்பி, மாதம் இரண்டு முறை நீங்களே வந்து பார்ப்பீர்களா? அதற்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். நல்ல மையம் இந்தக் கேள்வியை வரவேற்கும்.

ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அடையாள அட்டை, சக்கர நாற்காலி, நடப்பதற்கான உபகரணங்கள் எல்லாம் அங்கே கேட்க வேண்டியவை. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாமா தகுதி பெறுவாரா என்பதையும் விசாரித்துவிடுங்கள். உதவியாளரின் சம்பளத்தில் ஒரு பகுதிக்காவது அது உதவும்.

சம்பளம் என்றதும் உங்கள் பன்னிரண்டு நாள் நினைவுக்கு வருகிறது. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் என்று நம் பக்கத்துப் பாசிப் பெண்கள் தாங்களே வகுத்துக்கொண்ட கணக்கு அது. அதையே மாமாவின் அட்டவணையாக்கிவிடலாம் என்பது என் யோசனை. நீங்கள் கடலுக்குப் போகும் பன்னிரண்டு நாளும் உதவியாளர் வரட்டும், அதுவும் ஒரு மணி நேரத்துக்குப் பதில் நீங்கள் திரும்பும் வரை. மீதி நாட்களில் காலையும் மாலையும் நீங்களும் அக்கா மகளும் செய்யலாம். மாதம் முழுவதும் தினம் ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் பணத்தை இந்தப் பன்னிரண்டு நாளுக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, யார் செய்தாலும் அதில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார், எதுவரை நடந்தார், எங்கே வலித்தது. அடுத்த முறை வரும் இயன்முறை மருத்துவருக்கு அந்த நோட்டு அரை மணி நேர விசாரணையை மிச்சப்படுத்தும்.

உங்கள் இடுப்பைப் பற்றிக் கவலையாக இருக்கிறது. நீங்கள் மாமாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் அவருடைய தோளும் கெடும், உங்கள் இடுப்பும் கெடும். இப்படிச் செய்து பாருங்கள். கட்டிலின் விளிம்புக்கு அவரை நகர்த்தி உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் பதிந்து, முழங்காலுக்குச் சற்றே பின்னால் இருக்கட்டும். பழைய சேலையை நீளவாக்கில் மடித்து அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் பிடிக்க வேண்டியது அந்தச் சேலைக் கட்டைத்தான், அவர் கையை வேண்டாம். அவருடைய இடது முழங்கால் மடங்கிவிடாமல் உங்கள் முழங்காலால் முட்டுக் கொடுங்கள். இப்போது அவரை முன்னால் குனியச் சொல்லுங்கள், மூக்கு கால்விரலைத் தாண்டும் வரை. அவ்வளவு குனிந்தால் பின்புறம் தானாகக் கட்டிலை விட்டு எழும்பும். நீங்கள் தூக்க வேண்டியதில்லை, வழிகாட்டினால் போதும். முதல் சில முறை பக்கத்தில் இன்னொருவர் நிற்கட்டும். இதையே ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் ஐந்து முறை செய்தால், பயிற்சி வேறு, வீட்டு வேலை வேறு என்ற பிரிவே இருக்காது.

வாக்கர் கொடுத்தால் மணல் முற்றத்தில் நடக்க வைக்காதீர்கள். நான்கு காலும் நான்கு ஆழத்துக்குப் புதையும். கோயில் வாசலிலோ பள்ளிக்கூடத்திலோ சிமெண்ட் தரை இருக்கும், வெயில் தாழ அங்கே கூட்டிப் போங்கள். கடற்கரைச் சுடுமணலில் காலைப் புதைத்து வைத்தால் உணர்ச்சி வரும் என்று யாராவது சொல்வார்கள். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் கண்ட பிறகுதான் நமக்குத் தெரியும். புறா ரத்தம் தேய்க்கச் சொல்பவர்களிடமும் சண்டை போட வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

மாமா வெளியில் சொல்லாத ஒரு சங்கடமும் இருக்கக் கூடும். மருமகள் தூக்குவதும் துடைப்பதும் கடலில் ஆண்டுக்கணக்கில் தொழில் செய்த மனிதருக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்திலேயே "இன்றைக்கு வேண்டாம்" என்று பயிற்சியைத் தள்ளிப்போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்கு ஆண் உதவியாளர், பெண்களுக்குப் பெண் உதவியாளர் என்று தேடுவதில் தவறே இல்லை. பயிற்சி அதிகம் நடக்கும்.

அப்புறம் அந்த இடது கை. தோள் வலி அடங்கி, இயன்முறை மருத்துவரும் சரி என்றால், வலையைக் கொண்டுவந்து அவர் மடியில் போடுங்கள். வலது கைக்கு ஊசியைக் கொடுங்கள். இடது கையை மேசைமேல் வைத்து, விரல்களுக்கு இடையில் ஒரு கண்ணியை மாட்டிவிடுங்கள். பிடித்துக்கொள்ள மட்டும்தான் வேண்டும், அசைக்க வேண்டியதில்லை. பந்தை அமுக்கச் சொன்னால் பத்து முறையில் சலித்துப்போகிறவர், கிழிந்த வலையைப் பார்த்தால் அரை மணி நேரம் உட்காருவார். நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கை செய்துவந்த வேலை அது; மூளைக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல உதவியாளர் என்றால் இந்த மாதிரி அந்த வீட்டில் என்ன இருக்கிறது, அந்த மனிதருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து, திட்டத்துக்குள் அதைக் கொண்டுவரலாமா என்று வந்து கேட்பார். அப்படிக் கேட்கிறவரை விட்டுவிடாதீர்கள்.

அக்கா மகள் விஷயம். அவள் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருந்தால், ஓராண்டுச் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு பி.பி.டி.க்கு முயலட்டும். சேர்க்கை விதிகளை அந்தந்த ஆண்டின் அரசு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் மாவட்டத்துக் கடற்கரையில் பெண் இயன்முறை மருத்துவர் வேண்டும் என்று கேட்காத ஊர் இல்லை. குடும்ப நிலை இடம் கொடுக்காமல் ஓராண்டுப் படிப்புதான் என்றால், இரண்டைப் பாருங்கள்: சான்றிதழ் யார் கொடுப்பது, நோயாளிகள் உள்ள மருத்துவமனையில் எத்தனை மாதம் நேரடிப் பயிற்சி. வகுப்பறையிலேயே முடிந்துவிடும் படிப்பு என்றால் வேண்டாம். "படித்து முடித்ததும் தனியாகக் கிளினிக் வைக்கலாம்" என்று ஆசை காட்டும் இடத்துக்கும் போக வேண்டாம். அதுவரை, இயன்முறை மருத்துவர் உங்கள் வீட்டுக்கு வரும் நாளில் அவளும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். இந்த வேலை அவளுக்குப் பிடிக்குமா என்பது அன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும்.

நடுவில் எப்போதாவது மாமாவின் முகம் கோணினாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ, நல்ல கை பலம் இழந்தாலோ, உதவியாளருக்குக்கூடப் போன் செய்து நேரத்தைப் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கயிற்றை அவிழ்த்தாயிற்றா? இன்று இரவு மாமா மல்லாந்து படுக்கும்போது இடது தோளுக்கும் கைக்கும் அடியில் ஒரு தலையணை வையுங்கள். கை உடம்பை விட்டுச் சற்று விலகி, உள்ளங்கை திறந்து, விரல்கள் நீண்டு இருக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும்போது அந்தத் தலையணையும் கூடவே மாற வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது கை தொங்காமல் மடியிலோ மேசையிலோ இருக்கட்டும். இயன்முறை மருத்துவர் வந்து பார்க்கும் வரை அந்தத் தோளுக்கு இது போதும்.